மண் மாதிரி

கங்காணிகளின் காலம் முடிந்து கமிட்டிகளின் காலம் தொடங்கியிருந்தது. கங்காணி கெட்ட வார்த்தையில் திட்டுவான். ஆனாலும் அந்தத் திட்டு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கேட்கிறவனுக்குத் தெரியும். கமிட்டி வணக்கத்தில் தொடங்கி நன்றியில் முடியும். நடுவில் என்ன போயிற்று என்பது வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தால்தான் தெரியும்.

டன்வெர்லி தேயிலைத் தோட்டத்துக்கு மலைநாட்டு மண்வள வாரியம் வந்தது எண்பத்து நாலாம் வருஷம், தைப்பூசம் முடிந்த கையோடு. அதற்கு முன்னாலும் கேமரன் மலையில் மண் இருந்தது. ஆனால் வாரியம் வந்த பிறகுதான் அந்த மண்ணுக்கு ஒரு தலைவர், ஒரு செயலாளர், ஒரு ஜீப், ஒரு முத்திரை எல்லாம் கிடைத்தன.

மேல் லயத்து வரிசை வீடுகளில் கடைசி வீடு காளியண்ணனுடையது. முப்பத்தாறு வருஷமாகக் கவ்வாத்து வெட்டுகிறவர். அதாவது தேயிலைச் செடி தலைக்கு மேல் வளர்ந்துவிடாமல் அதன் தலையைச் சீவுகிறவர். வீட்டுக்குப் பின்னால் ஒரு சரிவு. பதினேழு வருஷத்துக்கு முன்னால் பேக்டரி பாய்லர் சாம்பலும் உடைசல் கல்லும் கொட்டுகிற இடமாக அது இருந்தது. லாலாங் புல்கூட முளைக்க யோசித்த இடம். அங்கேதான் காளியண்ணன் கொல்லை போட்டார். தோட்டத்துச் சனங்கள் அதைத் தோட்டம் என்று சொல்லமாட்டார்கள். தோட்டம் என்றால் துரையினுடையது. சோத்துக்குப் போடுவது கொல்லை.

கவ்வாத்துக் குச்சி, பேக்டரியில் கழித்துப் போட்ட தேயிலைத் தூசி, மாட்டுச் சாணம், அடுப்படிக் குப்பை என்று நாள்தோறும் ஒரு கூடை தலையில் வந்தது. சாம்பல்மேட்டுக்கு மேல் முழங்கை ஆழத்துக்குக் கறுத்த மண் ஏறியது. இதில் பெரிய அறிவாளித்தனம் ஒன்றும் கிடையாது. மழைத்தண்ணீர் தன் வாசலில் இறங்குகிறது என்று கீழ்வீட்டு நவமணி சண்டைக்கு வந்தாள். அதனால் சரிவுக்குக் குறுக்கே வாய்க்கால் வெட்டினார். பந்தல் போடக் குச்சி போதவில்லை. அதனால் அவரையை மரத்தக்காளி மேல் ஏற்றிவிட்டார். களை பிடுங்க முதுகு வளையவில்லை. அதனால் பூசணியைத் தரையெல்லாம் பரவவிட்டார். நத்தைத் தொல்லைக்கு நாலு வாத்து. அந்த வாத்துகளும் வாங்கியவை அல்ல, எங்கிருந்தோ வந்து தங்கிவிட்டவை.

வருகிற தீபாவளி கழிந்தால் காளியண்ணனுக்கு ஐம்பத்தைந்து. ஐம்பத்தைந்து ஆனால் வேலை போகும். வேலை போனால் வீடு போகும், வீடு தோட்டத்தினுடையது. வீடு போனால் கொல்லையும் போகும். இது எல்லாருக்கும் நடப்பதுதான் என்று எல்லாரும் சொன்னார்கள். தமக்கு நடக்காதவரைக்கும் அப்படித்தான் சொல்வார்கள்.

அந்தச் சமயத்தில்தான் ஆபீஸ் பலகையில் வாரியத்தின் அறிக்கை ஒட்டப்பட்டது. ஆபீஸ் குமாஸ்தாவான லியோனார்ட் கிராணி அதைக் கூட்டத்துக்குப் படித்துக் காட்டினார். ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு தொழிலாளியின் கொல்லையை வாரியம் தேர்ந்தெடுக்கும். அது 'மாதிரித் தோட்டம்' எனப்படும். அதை வைத்திருக்கும் தம்பதி, வேலை ஓய்வுக்குப் பின்னும், பராமரிப்பாளர்களாக அதே வீட்டில் ஆயுட்காலம் முழுமைக்கும் குடியிருக்கலாம்.

காளியண்ணன் கூட்டம் கலைகிற வரைக்கும் நின்றார்.

"கிராணியாரே, அந்தக் கடைசி வரிய இன்னொருக்கா படிங்க."

"ஆயுட்காலம் முழுமைக்கும்."

"யாரு ஆயுசு? நம்ம ஆயுசா, வாரியத்து ஆயுசா?"

"உங்க ஆயுசுதான் லா அண்ணே. இந்தத் தோட்டத்துல வேற யாருகிட்ட அப்படி ஒரு கொல்லை இருக்கு? இது ஒங்களுக்குன்னே போட்ட மாதிரி இருக்கு."

வீட்டில் வந்து சொன்னபோது மனைவி மணியம்மா முள்ளங்கி சீவிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"மண்ணு வாரியமா? பேர்லயே சொல்லிட்டுத்தான் வர்றானுங்க. வாரிக்கிட்டுப் போயிறப் போறானுங்க."

"எல்லாத்துக்கும் ஒரு சொல்லு வச்சிருப்பா இவ."

"இல்ல, போனா எங்க போறதுன்னும் யோசிச்சு வச்சிருக்கேன். ஈப்போவுல மக வீடு. ரெண்டு ரூம்பு, எட்டுப் பேரு. நீங்க நின்னுக்கிட்டுத் தூங்குங்க, நான் ஒங்க மேல சாஞ்சுக்கிறேன்."

முதல் ஆய்வுக்கு வந்தவர் வாரியத்தின் மண்ணியல் நிபுணர் டாக்டர் ராமையா. பட்டம் வாங்கியது ஆஸ்திரேலியாவில். முட்டிவரை ரப்பர் பூட்ஸ், கடைக்காரன் ஒட்டிய விலைச்சீட்டோடு. கையில் நிரப்புவதற்கு ஒரு பாரம். கொல்லைக்குள் வந்து நின்று நாலு பக்கமும் பார்த்தார்.

"இங்கே எத்தனை அடுக்குகள் உள்ளன?"

"அடுக்கா? அடுப்படியில நாலு பானை இருக்குங்க. அதுல ஒண்ணு ஓட்டை."

ராமையா தாமே எண்ணினார். மேலே மரத்தக்காளி, அதன் மேல் ஏறிய அவரை, கீழே மிளகாய், அதன் கீழே கீரை, தரையில் பூசணி, மண்ணுக்குள் இஞ்சி, வேலியில் சௌசௌக் கொடி. அவருடைய குரல் நடுங்கியது.

"ஏழு! ஏழு அடுக்கு! இதைத்தான் ஐயா உலகம் இப்போது நிரந்தர வேளாண்மை என்கிறது. உங்களுக்கு இதை யார் கற்பித்தார்கள்?"

"யாரும் கத்துக்குடுக்கலீங்க. எடம் பத்தல. ஒண்ணு மேல ஒண்ணு போட்டேன்."

ராமையாவின் முகம் விழுந்துவிட்டது. பாரத்தில் எழுதியதை அடித்தார்.

"அப்படியானால் இது கணக்கில் வராது. நிரந்தர வேளாண்மை என்பது தெரிந்து செய்வது. தெரியாமல் செய்தால் அதற்குக் காடு என்று பெயர். நீங்கள் முதலில் பயிற்சிக்கு வந்து, நீங்கள் செய்துகொண்டிருப்பது என்ன என்பதைக் கற்றுக்கொள்ள வேண்டும். பிறகு அதையே செய்யலாம்."

ஆறு ஞாயிற்றுக்கிழமை பயிற்சி நடந்தது. முதல் நாள் வாரியத் தலைவரே வந்து தொடங்கிவைத்தார். மாலையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுப் பேசினார்:

"தொழிலாளத் தோழர்களே! மண்ணை எங்களைப் போல நேசிப்பவர் எவருமில்லை. அதனால்தான் எங்கள் அலுவலகத்தைக் கோலாலம்பூரில் பதினோராவது மாடியில் அமைத்திருக்கிறோம். மண்ணை முழுமையாகப் பார்க்க வேண்டுமானால் அதிலிருந்து விலகி நிற்க வேண்டும். சென்ற ஆண்டு மண்ணைப் பற்றி நானூறு பக்க அறிக்கை வெளியிட்டோம். இந்த ஆண்டு அந்த அறிக்கையைப் பற்றி ஓர் அறிக்கை. படிப்படியாக மண்ணை நோக்கித்தான் வந்துகொண்டிருக்கிறோம்."

கை தட்டச் சொன்னார்கள், தட்டினார்கள்.

பயிற்சியின் இடையில் 'மூத்தோர் அறிவுப் பதிவேடு' என்று ஒன்று வந்தது. பழைய காலத்து விவசாய ஞானமெல்லாம் அழிந்துபோவதற்குள் அதை நாடாவில் பிடித்துவிட வேண்டும் என்று வாரியத்துக்கு உத்தரவு. ராமையா டேப் ரெக்கார்டரைக் காளியண்ணனின் வாய்க்கு நேரே வைத்தார்.

"உங்கள் முன்னோர்கள் மழை வருவதை எவ்வாறு அறிந்தார்கள்?"

"வந்தா நனைவாங்க."

"அது வந்த பிறகு. வருவதற்கு முன்?"

"காயப்போட்ட துணிய எடுப்பாங்க."

"எதைப் பார்த்து எடுப்பார்கள்?"

"பக்கத்து வீட்டுக்காரி எடுக்குறதப் பாத்து."

ராமையா எழுதிக்கொண்டார்: 'அண்டை உயிரினங்களின் நடத்தையைக் கண்காணித்து மழையை முன்னறியும் தொன்மரபு.' நவமணியைத்தான் அப்படி எழுதியிருக்கிறார்கள் என்று தெரிந்தால் அவள் ஜீப்பை மலையிலிருந்து உருட்டிவிட்டிருப்பாள். நல்லவேளை, பதிவேடு ஆங்கிலத்தில் போயிற்று.

கடைசி நாள் தேர்வு. மண்புழுவின் பணி யாது என்று கேட்டிருந்தார்கள். காளியண்ணன், 'அது பாட்டுக்குக் கெடக்கும்' என்று எழுதினார். அதற்குச் சுழி. சரியான விடை, 'மண்புழு வாரியத்தின் ஊதியம் பெறாத களப்பணியாளர்.' இருந்தாலும் ஆறு ஞாயிறும் தவறாமல் வந்து முன்வரிசையில் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததால் கருணை மதிப்பெண்ணில் தேறிவிட்டார். இனிமேல் அவர் கொல்லையில் செய்வது தெரிந்து செய்வது. அந்த வாரம் பறித்த கீரைக்கும் போன வாரம் பறித்த கீரைக்கும் மணியம்மாவுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

ஜூன் மாதம் கடிதம் வந்தது. முத்திரை குத்திய கடிதம். லியோனார்ட் கிராணி மோட்டாரில் வீட்டுக்கே கொண்டுவந்தார். வாசலில் நின்றபடி உரக்கப் படித்தார்:

"தங்கள் கொல்லை மண், மாதிரியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம். தேவைப்படும் அளவுக்கு மாதிரியைப் பயன்படுத்திக்கொள்ள வாரியத்துக்கு இதன்வழி ஒப்புதல் அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்."

"மாதிரியா எடுத்துட்டாங்களா?"

"எடுத்துட்டாங்க அண்ணே! தெளிவா போட்டிருக்கு பாருங்க. மாதிரியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளது."

காளியண்ணன் மூன்றாம் வகுப்பு. இருந்தாலும் 'மாதிரி' என்ற சொல்லை விரலால் தொட்டு எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டார். கையெழுத்துப் போட்டார். அன்றைக்கு மேல் லயம் முழுக்க வீட்டுக்கு ரெண்டு சௌசௌ போயிற்று. மணியம்மாகூட ஒரு நாள் முழுக்க வாரியத்தைப் பற்றி எதுவும் சொல்லாமல் இருந்தாள்.

மறுவாரம் இரண்டு பேர் வந்து பால் டின் ஒன்றில் மண் எடுத்துப் போனார்கள். சரி, பரிசோதனைக்கு. அடுத்த வாரம் ஆறு சாக்கோடு வந்தார்கள்.

"எதுக்குங்க இவ்ளோ?"

"பாக்சிக், மாதிரி மூணு பிரதி வேணும். முதல் பிரதி தலைமையகம், ரெண்டாவது துணைத் தலைமையகம், மூணாவது கோப்புல வைக்க. கடுதாசின்னா கார்பன் வச்சு எடுத்துறலாம். மண்ணுக்குக் கார்பன் இல்லியே. அசலே வேணும்."

நியாயமாகத்தான் பட்டது. ஆறு சாக்கு போயிற்று. அதற்கடுத்த வாரம் லோரி வந்தது.

ராமையாவும் கூட வந்தார். ஆகஸ்டில் டவுன் பாடாங் திடலில் மண் விழா. பெரிய பெரிய ஆட்கள் வருகிறார்கள். நாற்பது அடி நீளத்தில் மண்ணை வைத்து மாதிரித் தோட்டம் எப்படி இருக்க வேண்டும் என்று காட்டப்போகிறார்கள்.

"திரும்பி வருமாங்க?"

"நடைமுறைப்படி வரும்."

அது போதும் என்று காளியண்ணன் நினைத்தார். நடைமுறை என்பது லோரியைவிடப் பெரிய வண்டி என்று அவருக்கு ஓர் எண்ணம். வாரியத்து ஆட்கள் சங்குல் மண்வெட்டியைத் தூக்கி வேர் தெறிக்க வெட்டியதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"டேய், மொரட்டுத்தனமா வெட்டாதீங்கடா! புழு ரெண்டாப் போவுது பாரு. தள்ளு அந்தாண்ட."

அவரே வாங்கி வெட்டினார். மேல் மண்ணைத் தனியாக, அடி மண்ணைத் தனியாக, ஈரம் போகாமல் சாக்குப் போட்டு மூடி, நாலு லோரி அவரே ஏற்றிவிட்டார். ராமையா அதைப் படம் எடுத்தார். மூன்றாவது லோரிக்கு மரத்தக்காளி சாய்ந்தது. நாலாவது லோரிக்கு வாத்துகள் கீழ் லயத்து நல்லுசாமி வீட்டுக்குப் போய்விட்டன. அவை எந்தப் பாரத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கவில்லை.

சாயங்காலம் மணியம்மா பின்வாசலில் வந்து நின்றாள். சாம்பலும் கல்லும் தெரிந்தன. பதினேழு வருஷம் கழித்து அவற்றை முதல்தடவையாகப் பார்த்தாள்.

"எல்லாத்தையுமா குடுத்தீங்க?"

"மாதிரிக்குத்தானே."

"மாதிரிக்குன்னா கொஞ்சம் மிச்சம் இருக்கணுமே. எதோட மாதிரின்னு கேட்டா எதக் காட்டுவீங்க?"



மண் விழாவுக்குத் தோட்டத்து லோரியிலேயே கூட்டிப்போனார்கள். பாடாங் நடுவில் கயிறு கட்டி, அதற்குள் காளியண்ணனின் மண் நாற்பது அடிக்கு நீளமாகப் படுத்திருந்தது. மேலே கியா பார்மில் வாங்கிவந்த முட்டைக்கோசுகளை வேரில்லாமல் வரிசையாக நட்டிருந்தார்கள். 'மண்ணைத் தொடாதீர்' என்று நாலு மொழியில் பலகை. கண்ணாடிப் பெட்டி ஒன்றில் துருப்பிடித்த கரண்டி. அடியில் சீட்டு: 'இம்மண்ணில் இரும்புச்சத்து மிகுதி என்பதற்குச் சான்று.'

"அது நம்ம ரசக்கரண்டி," என்றாள் மணியம்மா. "காணோம் காணோம்னு நவமணிகூட ரெண்டு வருசம் பேசாம இருந்தேன்."

கயிற்றுக்குள் கையை விட்டு ஒரு பிடி மண்ணை அள்ளினாள். காவலர் ஓடிவந்தார்.

"அக்கா, தொடக்கூடாது. வாரியத்துச் சொத்து."

"இது எங்க கொல்ல மண்ணு லா!"

"அதான் சொல்றேன். மாதிரி."

மேடையில் தலைவர் பேசிக்கொண்டிருந்தார். "இந்த மண்ணைப் பாருங்கள்! எட்டே மாதத்தில் வாரியம் உருவாக்கிய மண்! படிப்பறிவில்லாத தொழிலாளிக்கு இது பதினேழு ஆண்டு பிடித்தது. திட்டமிடல் என்பது இதுதான். நம்மிடம் மண் இல்லை. கருவி இல்லை. மண்வெட்டி பிடிக்கத் தெரிந்த ஓர் ஆள்கூட இல்லை. ஆனாலும் சாதித்தோம்!"

விழா முடிந்த மறுநாள் பாடாங்கில் பந்து விளையாட வேண்டியிருந்தது. மண் எங்கே என்று காளியண்ணன் மூன்று தடவை ஆபீசுக்கு நடந்தார். நடைமுறைப்படி திருப்பி அனுப்ப வேண்டுமானால் மண்ணைப் பெற்றுக்கொள்வதாக ஒரு பாரத்தில் கையெழுத்து வேண்டும். அந்தப் பாரம் மண் வந்த பிறகுதான் வரும். இரண்டுமே வரவில்லை. கடைசியில் லோரிக்காரன்தான் சொன்னான், பெர்த்தாம் ஆற்றோரம் கொட்டினோம், மறுநாள் மழையில் அதுவும் போய்விட்டது என்று.

செப்டம்பர் மழை காளியண்ணன் வீட்டுக்குப் பின்னாலும் பெய்தது. தண்ணீரைப் பிடித்துவைக்க அங்கே ஒன்றும் இல்லை. சரிவு இரண்டாகப் பிளந்து சாம்பலும் கல்லும் இறங்கின. நவமணி வாசலில் நின்று, பழைய சண்டையைப் புதிதாகத் தொடங்கினாள். பாதியில் நிறுத்திவிட்டு, துடைப்பத்தோடு வந்து அந்தச் சேற்றை அவளே தள்ளிவிட்டாள். அவள் திட்டாமல் போனதுதான் காளியண்ணனை என்னவோ செய்தது.

அந்தப் பிளவைப் பார்ப்பதற்கென்றே வந்ததுபோல் மாதிரித் தோட்டத் தேர்வுக் குழு அந்த வாரம் வந்தது. ஐந்து பேர். கொல்லை எங்கே என்று கேட்டார்கள். இதுதான் என்றார். மண் எங்கே என்றார்கள். நீங்கள்தான் எடுத்தீர்கள் என்றார். அது வேறு பிரிவு என்றார்கள். மண் இல்லாத இடத்தைத் தோட்டமாக மதிப்பிட விதியில் இடமில்லை என்று எழுதிக்கொண்டு ஜீப் ஏறினார்கள். டன்வெர்லியின் மாதிரித் தோட்டமாக ஆபீஸ் முன்னால் இருந்த ரோஜாப் பாத்தி தேர்வானது. அதில் ஏற்கெனவே பலகை நடுவதற்குத் தோதாக ஒரு கம்பி இருந்ததாம்.

காளியண்ணன் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனார். லியோனார்ட் கிராணி அதை ஒரு முறை மேலே பார்த்தார், ஒரு முறை கீழே பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார்.

"அண்ணே, மாதிரின்னா ரெண்டு இருக்கு."

"என்ன ரெண்டு?"

"இதப் பாத்து மத்தவன் செய்யணும்னு வைக்கிறது ஒரு மாதிரி. இது எப்படி இருக்குன்னு பாக்க எடுத்துக்கிட்டுப் போறது ஒரு மாதிரி. அவங்க எழுதுனது ரெண்டாவது. நம்ம படிச்சது மொதலாவது."

"அப்ப நீ அன்னிக்குச் சொன்னியே, எனக்குன்னே போட்ட மாதிரி இருக்குன்னு."

"அது மூணாவது அண்ணே. அது சும்மா பேச்சுக்குச் சொல்றது."

காளியண்ணன் கடிதத்தை மடித்தார். "ஒரே சொல்லுல மூணு குழி வெட்டி வச்சிருக்கீங்கடா," என்றார். வீட்டைக் காலிசெய்ய வேண்டிய தேதி எழுதிய கடிதம் மேசைமேல் தயாராக இருந்தது. அதில் ஒரே ஒரு அர்த்தம்தான் இருந்தது.

தீபாவளிக்கு மறுநாள் மணியம்மா பானைகளைச் சாக்கில் கட்டிக்கொண்டிருக்கும்போது ராமையாவின் ஜீப் வந்தது. அவர் வீட்டுக்குள் வராமல் நேரே பின்பக்கம் போனார். பிளந்த சரிவைப் பார்த்தார். சாம்பலைப் பார்த்தார். முதல் நாள் ஏழு அடுக்கை எண்ணியபோது நடுங்கியது போலவே அவருடைய குரல் நடுங்கியது.

"அற்புதம்! இப்படி ஒன்றைத்தான் ஐயா ஓராண்டாகத் தேடுகிறோம். மண்ணரிப்பு! இவ்வளவு முழுமையான மண்ணரிப்பு இந்த மலையிலேயே இல்லை. மக்களுக்கு நல்லதைக் காட்டினால் போதாது, கெட்டதையும் காட்ட வேண்டும். இதைப் 'பாழ்நில மாதிரி' என்று அறிவிக்கப்போகிறோம்."

காளியண்ணன் வாயைத் திறப்பதற்குள் மணியம்மா கேட்டாள்:

"அது எந்த மாதிரிங்க? ரெண்டுல?"

"பார்த்துத் தெரிந்துகொள்ள வைக்கும் மாதிரி அம்மா. இடம் இங்கேயே இருக்கும். யாரும் எதையும் எடுத்துப் போகமாட்டார்கள். பராமரிக்க ஓர் ஆள் வேண்டும். விதிப்படி அவர் இந்த வீட்டிலேயே இருக்கலாம்."

"ஆயுசு முழுக்கவா?"

"ஆயுட்காலம் முழுமைக்கும்."

ஒப்பந்தத்தை லியோனார்ட் கிராணி இந்தத் தடவை ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் எத்தனை அர்த்தம் என்று சொல்லிச் சொல்லிப் படித்தார். பராமரிப்பாளர் பாழ்நிலத்தின் பாழ்நிலையைப் பாதுகாக்க வேண்டும். எதையும் நடக்கூடாது. குப்பை, சாணம், தழை எதுவும் போடக்கூடாது. தானாக முளைப்பது எதுவானாலும் அன்றன்றைக்கே அகற்ற வேண்டும். பச்சை காணப்பட்டால் ஒப்பந்தம் முறியும். பார்வையாளர் கேள்விகளுக்கு வாரியம் தரும் அட்டையில் உள்ளபடி விடையளிக்க வேண்டும்.

"இதுல எங்கயும் ரெண்டு அர்த்தம் இல்லியா?" என்று கேட்டார் காளியண்ணன்.

"இல்ல அண்ணே. இது சுத்தமா இருக்கு."

அவர் மணியம்மாவைப் பார்த்தார். அவள் சாக்கைப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்து கயிற்றை அவிழ்த்து, பானைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பழையபடி அடுக்கத் தொடங்கினாள். அவர் கையெழுத்துப் போட்டார்.

அதற்குப் பிறகு காளியண்ணன் நாள் தவறாமல் விடிந்ததும் கொல்லைக்குப் போனார். கொல்லை என்று சொல்லக் கூடாது, பாழ்நிலம். பசியாறுவதற்கு முன்னால் ஒரு சுற்று, வெயில் ஏறியதும் ஒரு சுற்று. சாம்பலுக்கு இடையில் எங்கோ ஒட்டிக்கொண்டிருந்த விதைகள் முளைத்துக்கொண்டே இருந்தன. கீரை வந்தது, பிடுங்கினார். அவரை வந்தது, பிடுங்கினார். பிடுங்கியதை அங்கேயே போட்டால் மக்கி மண்ணாகிவிடும் என்பது பயிற்சியில் தேறியவருக்குத் தெரியாதா? கூடையில் போட்டுத் தூரமாகக் கொண்டுபோய்க் கொட்டினார். அந்தக் கூடை பதினேழு வருஷமும் வந்த வழியிலேயே திரும்பிப் போயிற்று. வாரியத்து ஆய்வாளர் வந்து பார்த்து, 'பாழ்நிலை மிகச் சிறப்பாகப் பேணப்படுகிறது' என்று எழுதிவிட்டுப் போனார். சமையலுக்குச் சாயூர், கீரை எல்லாம் மணியம்மா கம்போங் ராஜா கடையில் வாங்கினாள்.

வாரம் ஒரு பஸ் வந்தது. ஒரு வாரம் ஈப்போவிலிருந்து ஆசிரியர்கள். ராமையா கம்பால் ஒவ்வோர் இடமாகக் காட்டிவிட்டு, இதோ, சம்பந்தப்பட்டவரே இருக்கிறார், கேளுங்கள் என்றார்.

"இந்த நிலத்தைப் பாழாக்கியது யார்?" என்று ஒருவர் கேட்டார்.

"நான்தாங்க," என்றார் காளியண்ணன். அட்டையில் அப்படித்தான் இருந்தது.

"ஏன்?"

"அறியாமையினாலங்க."

எழுதிக்கொண்டார்கள். பின்வரிசையிலிருந்து டோரீன் என்று ஓர் இளம் ஆசிரியை முன்னால் வந்தாள். அவள் முகத்தில் கொஞ்சம் இரக்கம் இருந்தது.

"ஐயா, இவ்வளவு பெரிய எடத்த ஒரே ஆளா எப்படிங்கய்யா பாழாக்குனீங்க?"

இந்தக் கேள்வி அட்டையில் இல்லை. காளியண்ணன் ராமையாவைப் பார்த்தார். ராமையா, பரவாயில்லை சொல்லுங்கள் என்று தலையசைத்தார்.

"ஒத்த ஆளா முடியாதும்மா," என்றார் காளியண்ணன். "வாரியம் கூடமாட நின்னு ஒத்தாசை பண்ணுச்சு."

ராமையாவுக்கு மகிழ்ச்சி. தொழிலாளியே வாயால் நன்றி சொன்னதாகக் குறிப்பேட்டில் எழுதினார். ஆசிரியர்களில் இரண்டு பேர் கை தட்டினார்கள். டோரீன் தட்டவில்லை, என்ன செய்வதென்று தெரியாமல் குனிந்தாள். குனிந்தவள் செருப்புக்குப் பக்கத்தில் பார்த்தாள். ஒரு பூசணி முளை, இரண்டு இலை விட்டு நின்றது. காலையில் இரண்டு சுற்று வந்தும் கண்ணில் படாதது.

"ஐயா, இங்க பாருங்க..." என்று அவள் தொடங்கினாள்.

ராமையா திரும்புவதற்குள் காளியண்ணன் இரண்டு எட்டு வைத்து அதன் மேல் காலை ஊன்றி, குதிகாலை ஒரு திருகு திருகினார்.

"ஒண்ணும் இல்லம்மா," என்றார்.